பெயர் சொல்லாப் பாவசங்கீர்த்தனம்

தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களுள் நமக்குத் தெரிந்த முதல் மூன்றில் ஒன்று, பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் நூலாகும். 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 1579 இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. அடுத்த ஆண்டே, 1580 இல், அதே கொச்சியில் 'கொம்பெசியோனாயரு'. மூன்றையும் ஆக்கியவர் யேசுசபைத் துறவியான அன்றிக்கு அடிகளார். நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் முதல் நூலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். மூன்றாவதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். ஆனால் மனிதன் தான் செய்த தவற்றை ஆண்டவன் முன் எவ்வாறு எடுத்துரைக்க வேண்டும் என்று தமிழில் அச்சிட்டுச் சொன்ன முதல் முயற்சி அதுவே. அந்த முயற்சி யாரை நோக்கியது, யாரை நோக்கவில்லை என்னும் கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகத்தையும் அதைச் சுற்றி எழுந்த எழுத்துகளையும் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சங்கீர்த்தனம் என்றால் முழுமையாக எடுத்துப் பாடுதல் என்பது பொருள். வைணவர்கள் நாமசங்கீர்த்தனம் என்னும்போது தெரு முழுவதும் கேட்கும் ஓசை நம் காதில் விழுகின்றது. அதே சொல்லைக் கத்தோலிக்கத் தமிழ், மரத்தட்டியின் பின்னால் குரு ஒருவரின் காதில் மட்டும் விழும் முணுமுணுப்புக்குப் பெயராக வைத்தது. முரணாகத் தோன்றினும் இதில் ஒரு நியாயம் உண்டு. 1551 இல் திரெந்து நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், கனமான பாவங்களை அவற்றின் வகையும் தொகையும் குறிப்பிட்டே அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. 'நான் பெரும் பாவி' என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிட இயலாது. என்ன செய்தாய், எத்தனை முறை செய்தாய் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றுவிடாமல் எடுத்துரைப்பதால் அது சங்கீர்த்தனம்தான். ஓசை மட்டும் தாழ்ந்துவிட்டது.

நம் தோழர்களில் பலர் இந்த வழக்கத்தையே முற்றாக வெறுப்பர். ஏழையின் மனத்தை வேவு பார்க்கும் ஏற்பாடு இது என்றும், ஆண்டையின் கணக்கப்பிள்ளை வயலைக் காவல் காப்பது போலக் குருவானவர் உள்ளத்தைக் காவல் காக்கின்றார் என்றும் அவர்கள் வாதிடுவர். வரலாற்றில் அதற்குச் சான்றுகள் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்கம் ஒன்று எவ்வாறு சீர்கெட்டது என்பதைக் கொண்டு மட்டும் அதன் உள்ளடக்கத்தை மதிப்பிடுவது விமர்சனம் ஆகாது. விவிலியத்தில் தாவீது அரசன் உரியா என்னும் படைவீரனின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். அவனிடம் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கின்றார்: ஏராளமான மந்தைகளை உடைய செல்வன் ஒருவன், விருந்தினனுக்குச் சமைக்க, ஏழையிடமிருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதை. அரசன் சினந்தெழுந்து, அந்தச் செல்வன் நான்கு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளிக்கின்றான். அந்தச் செல்வன் நீயே என்கிறார் நாத்தான். கதை சொல்லி அரசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தக் கலையைக் காட்டிலும் முற்போக்கான இலக்கியக் கொள்கை வேறு எது என்று நமக்குத் தெரியவில்லை. மேலும், திருப்பித் தருதல் என்பது இங்கே பிற்சேர்க்கை அன்று. குற்றத்தை உணர்ந்த அக்கணத்திலேயே அது தீர்ப்பாக வந்துவிடுகின்றது. புதிய ஏற்பாட்டில் வரித் தண்டற்காரனான சக்கேயுவும் வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவே வாக்களிக்கின்றான். பறித்ததைத் திருப்பித் தர முடிந்தும் தராதவனின் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று அகுஸ்தீனார் எழுதினார். பிற்காலத்தில் அது திருச்சபையின் சட்ட விதியாகவே வேரூன்றியது.

ஆகவே அளவுகோல் அவர்களுடையதே. நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. செய்ததைப் பெயரிட்டுச் சொல். பறித்ததைத் திருப்பிக் கொடு. இந்த அளவுகோலை யார் மீது வைத்து அளந்தார்கள் என்பதே கேள்வி.

அன்றிக்கு அடிகளாரின் நூல் வெளிவருவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1552 இல், இசுப்பானியாவின் செவில் நகரில் வேறொரு பாவசங்கீர்த்தன நூல் அச்சாயிற்று. அதனை எழுதியவர் பார்த்தொலோமே டி லாஸ் காசாஸ். அமெரிக்க மண்ணில் செவ்விந்தியருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்ணாரக் கண்டு, அவர்களுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய துறவி அவர். அந்த நூல் பாவம் செய்தவனுக்கு எழுதப்பட்டதன்று. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கு எழுதப்பட்டது. நாடு பிடித்த போர்வீரனோ, செவ்விந்தியரின் உழைப்பை உண்ணும் நிலக்கிழானோ பாவமன்னிப்புக் கேட்டு வந்தால், குரு உடனே மன்னிப்பு வழங்கலாகாது. முதலில் நொத்தாரிசை அழைத்துப் பத்திரம் எழுத வேண்டும். அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும். பறித்த சொத்து அனைத்தும் உரியவர்க்குப் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். அதன் பின்னரே மற்றவை. உலக இலக்கியத்தில் பாவசங்கீர்த்தனத் தட்டியின் அருகே நொத்தாரிசுக்கு நாற்காலி போட்ட நூல் இது ஒன்றே போலும். 1548 இலேயே இதன் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டிப் பறிமுதல் செய்ய அரச கட்டளை பிறந்ததில் வியப்பில்லை.

இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பறித்தவனைப் பார்த்துப் பேசுகின்றது. மற்றையது முத்துக்குளித்துறையில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிய பரதவரைப் பார்த்துப் பேசுகின்றது. அவர்கள் எடுத்த முத்தில் பங்கு கேட்டவர் யாரோ, அவரைப் பார்த்துப் பேசவில்லை. அன்றிக்கு அடிகளாரை நாம் குறைத்துக் கூறவில்லை. தமிழைக் கற்று, தமிழுக்கு இலக்கணம் எழுதி, தமிழ் மண்ணிலேயே மடிந்த பெருமகன் அவர். அவருக்கு முன்னர் அக்கரையில் உழைத்த சவேரியாரும், போர்த்துக்கேய அதிகாரிகள் கொள்ளையடித்தல் என்னும் வினைச்சொல்லை எத்தனை எத்தனை காலங்களில் விகற்பித்து வழங்குகின்றனர் என்று, இலக்கண ஆசிரியர் ஒருவரின் கசப்பான கேலியோடு 1545 ஆம் ஆண்டில் கடிதம் எழுதியவர்தான். அறியாமை இல்லை, துணிவும் ஓரளவு இருந்தது. ஆனால் அந்தக் கேலி கடிதத்தோடு நின்றது. கேள்விகள் நிரம்பிய நூலாகத் தமிழில் அச்சேறியது பரதவருக்கான பாடமே.

இனித் திருகோணமலைக்கு வருவோம். 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, சுவாமிமலையில் நின்ற கோணேசர் ஆலயத்தை இடித்தான். இடித்த கற்களைக் கொண்டே துறைமுகத்தைக் காக்கும் கோட்டையை எழுப்பினான். சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலம் வெளியே சென்றிருந்த வேளையில் பறங்கிப் படையினர் பிராமண வேடமிட்டு உள்ளே நுழைந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அது எவ்வாறாயினும், இடித்ததும் கட்டியதும் வரலாறு. 1639 இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் புதுக்கிக் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் வசமாகி, 1803 இல் பிரெடரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. இணைக்கயல் பொறித்த கல்லும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் அக்கோட்டை வாயிலில் இன்றும் உள்ளன.

இந்தச் செயலைச் செய்தவன் ஆண்டவனிடம் என்ன சொன்னான்? அவன் 1630 இல் இரந்தெனிவெலைப் போரில் மாண்டான். அவன் மகன் 1681 இல் லிசுபன் நகரில் தந்தையின் புகழ் பாடி ஒரு நூல் வெளியிட்டான். அதில் நாம் தேடுவது கிடையாது. ஆனால் அவனுக்குப் பின் வந்த ஒருவர், ஒரு பேரரசின் பாவங்களையே தொகுத்து ஆண்டவன் முன் வைக்க முனைந்தார். பெர்ணாவோ டி குவேறோஸ் என்னும் யேசுசபைத் துறவியின் 'ஈழத்தின் உலகியல், ஆன்மிக வெற்றி' என்னும் பெருநூலே அது.

இந்நூலின் வரலாறே ஒரு கதை. கோவாவில் இருந்தபடி எழுதி 1687 இல் முடித்தார் குவேறோஸ். மறு ஆண்டே இறந்தார். நெப்போலியனுக்கு அஞ்சிய போர்த்துக்கேய அரசவை பிரேசிலுக்கு ஓடியபோது கையெழுத்துப் பிரதியும் கடல் கடந்து ரியோ டி ஜெனீரோவை அடைந்தது. 1916 இல் கொழும்பில் போர்த்துக்கேய மொழியில் அச்சேறியது. 1930 இல் எஸ். ஜி. பெரேரா சுவாமியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நூலை நம் மாணவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தின் வீழ்ச்சிக்குச் சான்று தேடும் சுரங்கமாகவே பயன்படுத்துகின்றனர். ஆண்டும் பெயரும் தோண்டி எடுத்துக்கொண்டு நூலை மூடிவிடுகின்றனர். அதனை ஒரு முழு ஆக்கமாக எடுத்துப் படித்தால் அது வரலாற்று நூலின் உடையில் வந்த பாவசங்கீர்த்தனம் என்பது விளங்கும்.

குவேறோஸின் அடிப்படைக் கருத்து இதுதான்: போர்த்துக்கேயர் ஈழத்தை இழந்தது ஒல்லாந்தரின் பீரங்கியால் அன்று, தம் பாவத்தால். தளபதிகளின் பேராசை, குடிகளை வாட்டிய வரிக்கொடுமை, நீதி கேட்டு வந்தவனை விரட்டிய ஆணவம், போரில் காட்டிய ஈவிரக்கமின்மை ஆகியவற்றைக் கண்டு ஆண்டவன் தண்டித்தான் என்கிறார். தம் இனத்தவரின் கொடுமைகளை அவர் மூடி மறைப்பதில்லை. பெயர் சொல்லியே சாடுகின்றார். ஆட்சியாளரின் சம்பளம் பெற்ற வரலாற்றாசிரியன் எவனும் எழுதத் துணியாத பக்கங்கள் அவை. குவேறோஸிடம் உண்மையான வேதனை இருக்கின்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரை வெறும் ஏகாதிபத்தியக் கையாள் என்று ஒரு முத்திரை குத்தி ஒதுக்குவோர் அவரைப் படிக்காதவர்களே.

ஆனால் அவர் திருகோணமலைக்கு வரும் இடத்தைப் பாருங்கள். மலையடியில் ஒன்று, இடையில் ஒன்று, உச்சியில் தலையாயது ஒன்று என மூன்று ஆலயங்கள் அங்கே நின்றதையும், இந்தியா முழுவதிலுமிருந்து யாத்திரிகர் திரண்டு வந்ததையும் அவர் விரிவாக எழுதுகின்றார். கீழ்த்திசை மக்களுக்கு அது உரோமாபுரி போன்றது என்னும் அளவுக்கு அதன் பெருமையை அறிந்திருக்கின்றார். உரோமாபுரி என்னும் உவமை ஒரு யேசுசபைத் துறவியின் வாயில் எளிதாக வருவதன்று. தமக்கு மிகப் புனிதமானது எதுவோ, அதுவே பிறருக்கு இம்மலை என்று அவர் உணர்ந்துவிட்டார். பிறன் நெஞ்சைத் தன் நெஞ்சாகக் காணும் வாயிலில் ஒரு கணம் நிற்கின்றார். பிறகு வாயிலைச் சாத்திவிடுகின்றார். ஆலயம் இடிக்கப்பட்டது அவருடைய பாவக் கணக்கில் ஏறவில்லை. வரிக்கொடுமை பாவம், பேராசை பாவம், கொலைகூடப் பாவம், கோணேசரின் கல்லைப் பெயர்த்தது மட்டும் திருப்பணி.

இந்த இடத்தை நாம் ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், குவேறோஸ் நேர்மையற்றவர் என்பதற்காக அன்று. அவர் நேர்மையாளர், நேர்மையாளரின் பாவசங்கீர்த்தனத்திலும் விடுபட்ட பகுதி எங்கே இருக்கும் என்பதை அவர் நமக்குக் காட்டுகின்றார். எது பாவம் என்பதைத் தீர்மானிக்கும் பட்டியல் அவர் கைக்கு வருமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. அப்பட்டியலைத் தயாரித்தவர்களுள் கோணேசரை வணங்கியவன் ஒருவனும் இல்லை. மனச்சான்றைத் தனிமனிதனின் உள்ளொளி என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மனச்சான்று கேட்கும் கேள்விகளைச் சமுதாயம் எழுதித் தருகின்றது. பிற வர்க்கத்தவனும் பிற சமயத்தவனும் அந்த வினாத்தாளைத் தொடாத வரையில், எத்துணை நேர்மையான விடையும் அரைகுறையாகவே அமையும்.

இன்னொன்று. குவேறோஸின் நூலில் இறுதிப் பகுதி, இழந்த ஈழத்தை மீண்டும் எவ்வாறு கைப்பற்றலாம் என்று ஆலோசனை கூறுகின்றது! பாவத்தை அறிக்கையிட்டது பறித்ததைத் திருப்பித் தருவதற்காக அன்று. பறித்ததை மறுபடியும் பெறுவதற்காக. கத்தோலிக்க ஞானோபதேசம் மனஸ்தாபத்தை இரண்டாகப் பிரிக்கும். ஆண்டவன்மேல் கொண்ட அன்பினால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சி வருந்துவது அதற்குக் கீழ்ப்பட்டது. ஒரு பேரரசு முழுவதும் தண்டனைக்கு அஞ்சி முழந்தாளிட்ட காட்சியை நாம் இந்நூலிற் காண்கிறோம்.

இதே காலத்தில், அதே ஈழத்தில், எளிய கத்தோலிக்கத் தமிழன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் குருமார் விரட்டப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரன் கோலத்தில் வந்திறங்கும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. ஒரு தலைமுறை முழுவதும், தட்டியும் குருவும் இன்றி, தன் குடிசையில் தானே ஆண்டவனிடம் நேரே பேசிக்கொண்டது. கோவாவில் குவேறோஸ் பேரரசின் பாவத்தை எழுதி முடித்ததும், வாஸ் அடிகள் இரவில் மறைந்து மறைந்து ஏழைகளின் பாவத்தைக் கேட்கத் தொடங்கியதும் ஒரே ஆண்டில் என்பது தற்செயல். ஆயினும் நம் சிந்தனையைத் தூண்டும் தற்செயல். டி சாவின் செயலுக்குத் திருகோணமலையின் கத்தோலிக்க மீனவனையும் துறைமுகத் தொழிலாளியையும் பொறுப்பாளியாக்க முயல்வோர் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு இந்த முப்பது ஆண்டுகள் விடை கூறும்.

பாவசங்கீர்த்தன இலக்கியத்தின் பேராசான் அகுஸ்தீனாரிடமே இந்தக் குறை உண்டு. கி. பி. 400 ஐ ஒட்டி அவர் எழுதிய அறிக்கை நூலில், சிறுவயதில் பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பல பக்கங்கள் வருந்துகின்றார். பல ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து, தமக்கு மகனைப் பெற்றுத் தந்து, பின்னர் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பெயரை மட்டும் அவர் எங்கும் சொல்லவில்லை. ஆண்டவனுக்குப் பெயர் தெரியும் என்று விட்டுவிட்டார் போலும். தாவீதின் பெயரால் வழங்கும் மனஸ்தாபச் சங்கீதமும் அவ்வாறே. பாடலுள் உரியா இல்லை. கொன்றவன் ஆண்டவனுக்கு எதிராகவே பாவம் செய்ததாகப் பாடுகின்றான். கொல்லப்பட்டவன் பாட்டுக்கு வெளியே கிடக்கின்றான்.

இவற்றைப் படித்து மகிழும் சைவ அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்திப் பாடல் மரபில் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் மொழிக்குப் பஞ்சமில்லை. நாயேன், கடையேன், பாவியேன் என்ற சொற்கள் உருகி உருகி வருகின்றன. இலக்கியச் சுவையில் அவற்றை விஞ்ச எதுவுமில்லை. ஆனால் எந்தக் கிணற்றில் யாரைத் தண்ணீர் அள்ள விடவில்லை, எந்த வாயிலில் யாரைத் தடுத்து நிறுத்தினோம் என்னும் வகையும் தொகையும் அங்கே வருவதில்லை. திரெந்துச் சங்கத்தின் வினாத்தாளை நம்மவர்கள் ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் செய்தோர் அடிபட நேர்ந்திராது. கிறித்தவர்களும் தப்பவில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கைகளோடு கோயில் கட்டி, 1910 வரை நடுவே சுவர் வைத்து வழிபட்டவர்களும் தவக்காலந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள்தாம்.

பெயர் சொல்லும் பாவசங்கீர்த்தனம் உலகில் உண்டா? உண்டு. லாஸ் காசாஸ் இளமையில் தாமே செவ்விந்தியரின் உழைப்பை உண்டவர். அது மட்டுமன்று. செவ்விந்தியரைக் காக்கும் ஆத்திரத்தில், அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒருகாலத்தில் அரசனுக்கு ஆலோசனை கூறினார். முதுமையில், தம் பெருநூலான இந்தியாக்களின் வரலாற்றில், அந்த ஆலோசனையை மறைக்காமல் எழுதினார். ஆப்பிரிக்கரும் அநியாயமாகவே பிடிக்கப்பட்டனர் என்பதைப் பின்னர் அறிந்ததாகவும், தம் அறியாமை ஆண்டவனின் நீதிமன்றத்தில் தம்மைக் காக்குமா என்பது உறுதியில்லை என்றும் அங்கே கூறுகின்றார். யாருக்குத் தீங்கிழைத்தார், எந்தச் சொல்லால் இழைத்தார், எதற்காக இழைத்தார் என்பது யாவும் அங்கே உள்ளன. தமக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக அவர் முடிக்கவில்லை. அச்சில் வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1875 இல்தான் அந்நூல் வெளிவந்தது.

திருகோணமலையின் சொந்த இலக்கியத்துக்குத் திரும்புவோம். 1891 இல் இவ்வூர்க் கத்தோலிக்கரான எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திர'த்துக்குப் பின் ஈழத்தில் தோன்றிய இரண்டாவது தமிழ் நாவல் என்று இதனைச் சிலர் கொண்டாடுவர். நாவலே அன்று, பழைய ஐரோப்பிய வீரக்கதையின் தழுவல் என்று சிலர் தள்ளுவர். இவ்வகைப் பந்தய முடிவு பார்க்கும் விமர்சனத்தில் நமக்கு ஆர்வமில்லை. கரடி வளர்த்த ஒருவனும் அரசன் வளர்த்த ஒருவனுமாகிய இரட்டையர் கதை என்பதோடு அனைவரும் நின்றுவிடுகின்றனர். இக்கதையின் பழைய பிரெஞ்சு வடிவத்தை முழுவதும் பார்த்தால், அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பாவ அறிக்கை நிற்பது தெரியும்.

தொடக்கத்தில், பேரரசியின் கற்பின்மீது பொய்ப்பழி சுமத்தி அவளைக் காட்டுக்கு விரட்டியவன் ஒரு தலைமைக் குரு. அவன் உண்மையை ஒப்புக்கொள்வது எப்போது? தனிப்போரில் ஒரு வணிகனிடம் தோற்றுத் தரையில் விழுந்த பின்னர். முடிவில், பாலந்தை போர்க்களத்தில் ஆள் தெரியாமல் தன் தந்தையையே கொன்றுவிடுகின்றான். எந்த நீதிமன்றமும் அவனைத் தண்டித்திராது. அவன் உரோமாபுரிக்குப் போய்ப் பாப்பரசரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கின்றான். கிடைத்த தண்டனை இது: ஏழு ஆண்டுகள் வாய் பேசாமல், கந்தலுடுத்து, தன் அரண்மனையின் படிக்கட்டுக்கு அடியிலேயே கிடந்து, எறியும் எச்சிலை உண்ண வேண்டும். தன் வீட்டுப் படிக்கட்டின் கீழ்! தான் ஆண்ட இடத்தை அடியிலிருந்து ஏழு ஆண்டு பார்க்க வேண்டும். தன் வேலைக்காரர்களின் காலோசையைத் தலைக்கு மேலே கேட்க வேண்டும். ஆட்சி செய்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பரிகாரத்தை ஒரு வர்க்கப் போராட்ட ஆசிரியனும் கற்பனை செய்திருக்கமாட்டான்.

தோற்றபின் வாய்திறந்த தலைமைக் குருவின் வழி குவேறோஸ் பேசிய பேரரசின் வழி. படிக்கட்டுக்கு அடியில் இறங்கிய பாலந்தையின் வழி லாஸ் காசாஸ் முதுமையில் நடந்த வழி. கோணேசரின் கல்லால் கோட்டை கட்டியவர்களின் சமயத்தைத் தழுவிய ஊரிலிருந்து, ஒரு கத்தோலிக்கத் தமிழர் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்துத் தமிழாக்கினார் என்பது சாதாரணச் செய்தியன்று. திருகோணமலை ஆசிரியர்கள் தம் மாணவரோடு இக்கதையின் மூலத்தையும் தழுவலையும் ஒப்பிட்டு ஒரு நல்ல ஆய்வு செய்யலாம்.

2000 ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், உரோமைப் பேராலயத்தில் மன்னிப்பு நாள் வழிபாடு நடத்தினார். திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுகளாகச் செய்த தவறுகள் ஏழு வகையாகப் பிரித்து ஆண்டவன் முன் அறிக்கையிடப்பட்டன. மக்களினங்களின் உரிமைகளுக்கும், பிற பண்பாடுகளுக்கும், பிற சமயங்களுக்கும் எதிரான பாவங்களை அறிக்கையிட்டவர் ஆசியரான யப்பானிய ஆயர் ஒருவர். குவேறோஸின் வினாத்தாளில் இல்லாத கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் சேர்க்கப்பட்டது. இதனை நாம் சிறுமைப்படுத்தமாட்டோம். ஆயினும் அந்த அறிக்கையிலும் வகை இருந்தது, தொகை இல்லை. ஊர் இல்லை, ஆண்டு இல்லை, ஆலயம் இல்லை. தவறு செய்தவர்கள் திருச்சபையின் பிள்ளைகள் என்றனர், தாய் தப்பித்துக்கொண்டாள். 2022 சூலையில் பாப்பரசர் பிரான்சிசு கனடாவுக்கே சென்று, விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பூர்வகுடி மக்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டபோது ஒரு படி இறங்கி வந்தார் எனலாம். அதுவும் போதாது என்று அம்மக்களில் பலர் சொன்னதும் நியாயமே.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ்க் கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் என்னும் பழைய பெயரை மெல்ல விடுத்து, 'ஒப்புரவு' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டனர். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக வைத்த சொல் அது. ஊருக்கு உதவும் கடமையை அறிந்து நடத்தல் என்பது அங்கே அதன் பொருள். சமரசம் என்ற கருத்தில் குருமார் அதனைத் தேர்ந்திருக்கலாம். சொல்லோ தன் பழைய பொருளையும் சுமந்துகொண்டே வந்திருக்கின்றது. ஆண்டவனோடு மட்டும் தீர்த்துக்கொள்ளும் கணக்கு அந்தச் சொல்லுக்குள் அடங்காது. தமிழ்ச் சொற்கள் சில வேளைகளில் அவற்றைக் கையாள்வோரை விடப் புத்திசாலிகள்.

திருகோணமலைக்கு இது பழங்கதை அன்று. 1990 ஆகஸ்டு 15 இல், திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டத்தில் நெடுங்காலம் உழைத்த அமெரிக்க யேசுசபைக் குருவான யூஜின் ஹேபேர்ட், துணைவந்த தமிழ் இளைஞனோடு ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற் போனார். பலருடைய பாவங்களைக் கேட்டிருந்த அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட பின், 2019 இல், சான்று போதவில்லையென்று பதின்மூன்று பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. சுட்டவன் எந்தச் சமயத்தவனாயினும், எந்தச் சந்நிதியிலாவது தலை குனிந்திருக்கலாம். அப்படிக் குனிந்திருந்தாலும், பிள்ளையை இழந்த தாய்க்கு அதிலிருந்து ஒரு பெயர்கூட வந்து சேரவில்லை. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தைக் காப்பது குருவின் கடமை. செய்தவனை அந்த இரகசியம் கட்டுப்படுத்தாது. அவன் எந்நாளும் எழுந்து போய்த் தாயிடம் சொல்லலாம்.

1950 இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்கடியிலிருந்து கோணேசர் ஆலயத்தின் பழைய விக்கிரகங்கள் சில வெளிப்பட்டன. 1963 இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அவ்வாலயத்துக்குச் செல்வோர் இன்றும் கோட்டை வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். உள்ளே படைமுகாம் இருக்கின்றது. கயல் பொறித்த கல் வாயிலின் பக்கத்தில் நிற்கின்றது. அதன் அருகில் துப்பாக்கியோடு ஒரு காவலன் நிற்கின்றான். பூத்தட்டு ஏந்தியவர்கள் அவ்விரண்டையும் பார்த்தபடி மலையேறுகின்றனர்.